சுக்கானுக்கு ஒரு கால்வட்டம்

எங்கள் ஊரில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கூப்பிடுவது லிஃப்ட் அக்காவைத்தான். வந்து சேர்வதற்கு முன்பே போனில் பாதிப் பயத்தைப் போக்கிவிடுவார். "உள்ள எத்தனை பேரு? மூணா? சரி, ஆளுக்கு ஒரு ஜோக் சொல்லிக்கிட்டு இருங்க, வந்துடறேன்" என்பார். மூன்று ஜோக்குக்குள் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் வந்துவிடுவார்.

இருபத்திரண்டு வயதில் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் டெலிபோன் வேலைக்குச் சேர்ந்தவர். புகாரைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவருக்கு அது போதவில்லை. திரும்பி வரும் மெக்கானிக்குகளிடம் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்பார். "தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போற?" என்று சொல்லிக்கொண்டேதான் அவர்களும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு வருடம் கழித்து, ஒரு மழைநாளில் மெக்கானிக்குகள் நாலு பேரும் நாலு திசையில் இருந்தபோது ஐந்தாவது அழைப்பு வந்தது. அக்கா டெலிபோனைக் காவலாளியின் கையில் கொடுத்துவிட்டு, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மாலையில் முழங்கைவரை கிரீஸோடு திரும்பியவரை மேனேஜர் முதலில் திட்டினார். மறுவாரம் யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்தார்கள்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். எந்தக் கடல் எவ்வளவு ஆழம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கரையிலிருந்து நூறடி தள்ளிப் போனால் அவருக்குக் குமட்டும்.

அப்படிப்பட்ட மனிதரிடம்தான், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அக்கா பாய்மரப் படகு வாங்கலாமா என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"இருபது வருஷமா மேலயும் கீழயும் போயாச்சு. கொஞ்சம் பக்கவாட்டுல போய்ப் பார்க்கலாம்னு தோணுது."

பல் டாக்டர் ஒருவர் நாற்பது வருடம் பழைய படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார்கள். முப்பத்தோரு அடி நீளம். ஃபைபர் உடம்பு, உள்ளே நாலு பேர் படுக்க இடம், முழங்கால் உயரத்துக்கு ஒரு அடுப்பு. எல்லாவற்றையும்விட அக்காவுக்குப் பிடித்தது பின்பக்கம் நின்ற பெரிய ஸ்டீயரிங் சக்கரம். அதன் அடியில் இருந்த மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். செயின், கம்பிவடம், கப்பி. நம்ம லிஃப்ட்டைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கு" என்றார். வாத்தியார் எட்டிப் பார்க்கவில்லை. படகு கரையில் கட்டித்தான் கிடந்தது. அப்போதே அவர் கைப்பிடியை விடவில்லை.

அடுத்த ஒன்றரை வருடத்தில் அக்கா பாய் ஏற்றவும் இறக்கவும் காற்றைப் பார்த்துத் திருப்பவும் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவார்கள். வாத்தியார் ஒரு வாளியோடு உட்கார்ந்து கூடவே போவார். கல்யாணம் என்றால் அப்படித்தான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வாராம்.

ஒரு ஞாயிறு காலை, நல்ல காற்று. எதிரே மணல் ஏற்றிய தோணி ஒன்று வந்தது. ஒதுங்குவதற்காக அக்கா சக்கரத்தைத் திருப்பினார். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சக்கரம், பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைப் போல, கையில் சும்மா சுற்றியது. படகு தன்பாட்டுக்குத் தோணியைப் பார்த்து நேராகப் போயிற்று.

"சுத்துதே, அப்புறம் ஏன் திரும்பல?" என்றார் வாத்தியார்.

"சக்கரம்தான் சுத்துது. தண்ணிக்குள்ள இருக்கற சுக்கான் சுத்தல. அந்தப் பாயை இறக்குங்க, சீக்கிரம்."

வாளியை வைத்துவிட்டு வாத்தியார் கயிற்றை அவிழ்த்தார். பாய் சரிந்து அவர் தலைமேலேயே விழுந்தது. அக்கா பெட்டியிலிருந்து அவசரத்துக்கென்று வைத்திருந்த இரும்புக் குழாயை உருவி, மேல்தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சுக்கான் தண்டின் தலையில் செருகி, உடம்பெல்லாம் சாய்த்துத் தள்ளினார். தோணிக்காரர் எட்டிப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகும் அளவுக்கு இடம் விட்டுப் படகு ஒதுங்கியது. சின்ன எஞ்சினைப் போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தார்கள்.

உடைந்தது எது என்று பார்க்க அக்கா பின்பக்கத்துப் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கினார். சக்கரத்தைத் திருப்பினால் செயின் ஓடும். செயின் கம்பிவடத்தை இழுக்கும். கம்பிவடம் போய்ச் சேருவது சுக்கான் தண்டைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஒரு வார்ப்புத் துண்டில். பூசணியை நாலாக வெட்டி அதில் ஒன்றை எடுத்ததுபோல் இருக்கும், வட்டத்தில் கால்வாசி. அதனால் அக்கா அதற்குக் கால்வட்டம் என்று பெயர் வைத்துவிட்டார். தண்டைக் கவ்வும் இடத்தில் அது இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஒரே ஒரு பார்ட்தான். வாங்கி மாட்டிடலாம்" என்றார் அக்கா. மூன்று மாதம் அலைந்தார்.

படகைச் செய்த கம்பெனியை மூடி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. படகுச் சாமான் கடையில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தவர், "இந்தத் தண்டு விட்டத்துக்கு யாருமே செய்யறதில்லைங்க. முழு ஸ்டீயரிங்கையும் மாத்திடுங்க" என்றார். பழுதுபார்க்கும் பட்டறையில், தண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார்கள். இன்னொருவர் படகையே மாற்றச் சொன்னார். பழைய இரும்புக் கடைகளில் குடைந்ததில் அக்காவுக்கு ஒரு நல்ல நங்கூரமும் வாத்தியாருக்கு ஒரு உலக உருண்டையும் கிடைத்தன. கால்வட்டம் கிடைக்கவில்லை.

வெல்டிங்காரர் அக்காவுக்கு இருபது வருடப் பழக்கம். உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"ஒட்டலாம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உப்புத் தண்ணி உள்ளயே தின்னுடுச்சு. இதை நான் ஒட்டிக் குடுத்தேன்னா உன்னைக் கடல்ல தள்ளிவிடப் பார்க்கறேன்னு அர்த்தம்."

"அப்ப வேண்டாம்ணே" என்று அக்கா துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் தன் பங்குக்கு, அதே மாதிரிப் படகு வைத்திருப்பவர்களை இணையத்தில் தேடி, பன்னிரண்டு நாட்டுக்கு மெயில் அனுப்பினார். ஒன்பது பேர் பதில் எழுதவில்லை. இரண்டு பேர் வருத்தம் தெரிவித்தார்கள். கடைசி ஆள், "உங்களுக்கு இரண்டு கிடைத்தால் எனக்கு ஒன்று அனுப்பவும்" என்று எழுதியிருந்தார்.

வழி பிறந்தது பாய் தைப்பவரிடம். ஒரு கிடங்கின் மாடியில், மரப்பலகைத் தரையில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் தையல் மெஷினை இறக்கி வைத்து உட்கார்ந்திருப்பார் அவர். பாய் தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டு ஊசிக்கடியில் வரும். அக்கா ஒரு கிழிசலைத் தைக்கப் போனவர், வழக்கம்போலப் புலம்பினார். அவர் மெஷினை நிறுத்தினார்.

"உங்க பாயோட முன்பக்கம் பதினொண்ணு நாற்பது மீட்டர்தானே? அதே அளவுக்கு நான் இன்னொருத்தருக்கும் தச்சிருக்கேன்." அலமாரியிலிருந்து அளவு நோட்டுகளை இறக்கி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "இதோ. ரிட்டயர்டு போஸ்ட்மேன். பத்து வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் கிழிஞ்சதுன்னு ஒரு தடவைகூடக் கொண்டு வரல."

"நல்லாத் தச்சிருப்பீங்க."

"நான் நல்லாத்தான் தைப்பேன். ஆனா அவரு கடலுக்கே போகலைன்னு நினைக்கறேன். விலாசத்தைப் பாருங்க."

விலாசம் கடலிலிருந்து மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருந்தது.

அடுத்த லீவு நாளில் கணவனும் மனைவியும் போனார்கள். ஓட்டு வீடுகள் வரிசையாக நின்ற ஒரு தெரு. எந்த வீடு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் பின்னால், கூரைக்கு மேலே ஒரு படகின் மூக்கு எட்டிப் பார்த்தது. மதில் ஓரமாகப் பாய்மரம் படுத்திருந்தது. படகின் குறுக்குக் கட்டையில் போர்வைகள் காய்ந்தன.

போஸ்ட்மேனுக்கு எழுபத்தோரு வயது. நிமிர்ந்த உடம்பு. வந்த விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகிவிட்டது. "பாருங்க, தாராளமா. ஆனா குடுக்கறதுக்கில்ல. இந்த வருஷம் நானே தண்ணில இறக்கப்போறேன்."

"பதினோரு வருஷமா இந்த வருஷம்தான்" என்றார் சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மனைவி. "அதை மட்டும் எதுக்கும்மா கேக்கறீங்க? முழுசா எடுத்துட்டுப் போங்க. நான் துணி காயப்போடக் கொடி கட்டிக்கறேன்."

ஏணி வைத்து ஏறினார்கள். உள்ளே போய்ப் பார்த்தார்கள். எல்லாம் பளபளவென்று இருந்தது. கடல் வரைபடங்கள் சுருட்டி, நூல் கட்டி, வரிசை எண் ஒட்டி அடுக்கியிருந்தன. டம்ளர்கள் சாயாமல் நிற்க ஓட்டை போட்ட பலகை. நாலு படுக்கைக்கும் துவைத்த விரிப்பு. வாராவாரம் துடைக்கிறாராம். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர்களுக்கு வந்த கடிதங்களில் வெளிநாட்டுத் தபால்தலைகளாகப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனவர், ரிட்டயர் ஆன கையோடு இதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முதல் வருடம் முழங்கால் ஆபரேஷன். அடுத்த வருடம் மகளுக்குப் பிரசவம். அப்புறம் எஞ்சின். அப்புறம் ஏதோ ஒன்று. வருடங்கள் போனதே தெரியவில்லை என்றார்.

பின்பக்கத்துப் பெட்டியை மட்டும் அவர் மனைவியின் கோழிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். "ஒரு ஓரம் குடுத்தாத்தான் மீதியை இடிக்காம இருப்பா" என்று அக்காவின் காதருகே சொன்னார்.

மூடியைத் தூக்கிப் பார்த்தால், கால்வட்டம் இருந்தது. அதன்மேல் வைக்கோல் பரப்பி, ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அக்கா டேப்பை நீட்டினார். கோழி கையில் ஒரு கொத்து கொத்தியது.

"தொடாதீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஒன்பது நாள்தான் ஆச்சு. குஞ்சு பொரிக்க இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

ஆக, பொருளைக் கொடுக்கப் போஸ்ட்மேன் சம்மதிக்கவில்லை. தொடவே அவர் மனைவி சம்மதிக்கவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு ஸ்பேனர் செட்டும் குஞ்சுகளுக்கு ஒரு கிலோ நொய்யும் எடுத்துக்கொண்டு அக்கா மட்டும் போனார். ஏழு குஞ்சு பொரித்திருந்தது. போஸ்ட்மேன் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மனைவி அக்காவைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"நாலு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாரு. ஏறிக் கழட்டிக்கோ. நான் மூடியைப் பழையபடி மூடிடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

அக்கா ஏணியில் இரண்டு படி ஏறினார். கையில் ஸ்பேனர் இருந்தது. நாலு போல்ட், பதினைந்து நிமிட வேலை. மூன்று மாத அலைச்சல் முடிந்துவிடும். வரிசை எண் ஒட்டிய அந்த வரைபடங்கள் ஞாபகத்துக்கு வந்தன. இதைக் கழற்றிவிட்டால் அது படகில்லை, கோழிக்கூடு. போஸ்ட்மேனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே என்று நினைத்தாராம். இறங்கிவிட்டார்.

"வேண்டாம்மா. அவரு எழுந்திருக்கட்டும்."

"உனக்கும் கிறுக்குதான்" என்று அந்த அம்மா டீ போடப் போனார்.

நாலு மணிக்கு அக்கா போஸ்ட்மேனிடம் வேறு ஒன்று கேட்டார். "எனக்கு அது சொந்தமா வேண்டாங்கய்யா. இரவலாக் குடுங்க. அதை வச்சு அச்சு எடுத்துப் புதுசா வார்த்துக்கறேன். பதினஞ்சு நாள்ல நானே கொண்டுவந்து மாட்டித் தரேன்."

அவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்து, பொருளின் பெயர், எடை, பெறுபவர், தேதி எல்லாம் கோடு போட்டு எழுதி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். கிழித்த பாதியை அக்காவிடம் கொடுத்தார். "ரிஜிஸ்டர் தபால் மாதிரி வச்சுக்கோங்க. இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடத் தொலைச்சதில்ல நான்."

"நானும் தொலைக்க மாட்டேன்" என்றார் அக்கா. கால்வட்டம் அவர் மடியிலேயே பஸ்ஸில் வந்தது. கோழி நாற்றத்துக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டதால் தாராளமாக உட்கார்ந்து வந்தாராம்.

வார்ப்புப் பட்டறை முதலாளி அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கழுவியவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, "அம்மா, இங்க வாங்க" என்றார். தண்டைக் கவ்வும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. அக்காவுடையது பிளந்த அதே இடம்.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருட்டுத்தனமாகக் கழற்றி மாட்டியிருந்தால், அடுத்த நல்ல காற்றிலேயே இதுவும் போயிருக்கும். போஸ்ட்மேன் இந்த வருஷம் உண்மையிலேயே படகை இறக்கியிருந்தால் அவருக்கும் அதே கதிதான்.

"எத்தனை வார்க்கட்டும்?"

"ரெண்டு. இல்ல, மூணு" என்றார் அக்கா. 'எனக்கு ஒன்று அனுப்பவும்' என்று வாத்தியாருக்குப் பதில் எழுதிய ஆள் நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்படியே அச்சு எடுக்க முடியாது, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்றார் முதலாளி. ஓரமெல்லாம் மெழுகு அப்பி, பிளக்கிற இடத்தைக் கூடுதல் தடிமனாக்கி, ஈரமணலில் பதித்தார்கள். இந்த முறை அலுமினியம் வேண்டாம், வெண்கலம் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். முதல் வார்ப்பில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் காற்றுக் குமிழ் விழுந்துவிட்டது. மொத்தத்தில் நாலு வார்த்து மூன்று தேறியது. லேத்தில் கொடுத்துத் தண்டுக்குச் சரியாகக் கடைந்து வாங்கியபோது, அக்கா ஒன்றைத் தன் சுக்கான் தண்டில் ஏற்றிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. புதுக் கம்பிவடத்தை இழுத்துக் கட்டி, சக்கரத்தைத் திருப்பச் சொன்னார். வாத்தியார் திருப்பினார். சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்டது.

பதிமூன்றாவது நாள் போஸ்ட்மேன் வீட்டு வாசலில் போய் நின்றார். ரசீதின் பாதியை நீட்டினார். பழையதையும் விரிசலையும் காட்டிவிட்டு, புதியதை மேஜைமேல் வைத்தார். பொன்போல மின்னிய அதைப் போஸ்ட்மேன் எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இது எனக்கா?"

"உங்க படகுக்கு. நீங்க தரலைன்னா எனக்கே கிடைச்சிருக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவிதான், "இப்ப என்ன சாக்கு சொல்லப்போறாரு பார்ப்போம்" என்றார்.

சாக்கு இருந்தது. உண்மையில் அவருக்குப் பயம். ஏணியடியில் வைத்து அக்காவிடம் மட்டும் சொன்னார். "எனக்கு ஓட்டத் தெரியாதும்மா. படிச்சிருக்கேன், எல்லாம் படிச்சிருக்கேன். தண்ணில ஒரு தடவைகூட நின்னதில்ல. வாங்கும்போது எல்லார்கிட்டயும் தெரியும்னு சொல்லிட்டேன்."

"எனக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ணத் தெரியும்னுதான் நானும் சொல்லிட்டுப் போனேன்" என்றார் அக்கா. "வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எங்க படகுக்கு வாங்க."

வந்தார்கள். போஸ்ட்மேன் காற்றுத் திசை, நீரோட்டம், மிதவைகளின் நிறம் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் சொன்னார். கயிற்றைக் கையில் கொடுத்தால் மட்டும் குழம்பினார். வாத்தியார் அன்று வாளியை மறந்து வந்துவிட்டார். வழியில்லாமல் அக்கா அவரைப் பிடித்துச் சக்கரத்தில் நிறுத்தினார். எதிரே பார்த்து ஓட்டுகிற வேலையில் மனம் போய்விட்டதால் குமட்டல் வரவேயில்லை. ஒரு மணி நேரம் கழித்து அக்கா கேட்டும் அவர் சக்கரத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

கொடுக்க வைத்தவர் போஸ்ட்மேனின் மனைவி. "தள்ளுப்பா, நான் ஒரு கை பார்க்கறேன்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார். படகு சாய்ந்தது. எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். அந்த அம்மா பிடித்துக்கொண்டது சக்கரத்தை மட்டும். காற்று ஏற ஏறப் பல் தெரியச் சிரித்தார். நாற்பத்தாறு வருடத்தில் அந்தச் சிரிப்பைத் தான் பார்த்ததில்லை என்று போஸ்ட்மேன் பிறகு அக்காவிடம் சொன்னார்.

ஊருக்குப் போன மறுநாளே அந்த அம்மா கோழிகளுக்கு மதில் ஓரமாகத் தனிக்கூடு கட்டச் சொல்லிவிட்டார். மூன்றாவது வாரம் எஞ்சின் மெக்கானிக் வந்தார். அக்கா நாலு ஞாயிறு போய்க் கம்பிவடத்தையும் கப்பிகளையும் மாட்டிக் கொடுத்தார். ஐந்து மாதத்தில் லாரி வந்தது. தெருவே திரண்டு நின்று பார்க்க, படகு கூரைகளுக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது.

மூன்றாவது கால்வட்டம் வாத்தியாரின் பழைய கால்சட்டையில் சுற்றப்பட்டுக் கப்பலேறியது. பெட்டியில் விலாசம் எழுதியது போஸ்ட்மேன். அந்த வேலையை வேறு யாரும் தொட அவர் விடவில்லை. அதற்குப் பிறகு எங்கெங்கிருந்தோ ஆறு பேர் எழுதிவிட்டார்கள். வார்ப்புப் பட்டறை அலமாரியில் அக்கா பெயர் போட்டு ஒரு மரஅச்சு இருக்கிறது.

போன வாரம் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. அக்கா அதன் தலைமேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார். ஏதோ தூரத்து ஊரில், ஏதோ பழைய படகு.

"உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பத்திரமா வைங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்ல தண்டோட விட்டத்தை அளங்க. ரெண்டு பக்கமும் அளங்க. தேஞ்சிருக்கும். அளந்துட்டுக் கூப்பிடுங்க, இருக்கேன்."